தாம்பரம் தாண்டியாச்சா?

சின்ன வயதில் நான் விடாமல் இருமினால் பாட்டி ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவாள்: "இப்படியே இருமிக்கிட்டு இரு, ஒருநாள் தாம்பரத்துலதான் கொண்டு போய் விடணும்." எங்கள் வீடு குரோம்பேட்டையில். தாம்பரம் அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் போய்க் காய்கறி வாங்கிவரும் ஊர் அது. அங்கே கொண்டுபோய் விடுவதில் என்ன பயம் என்று புரியாமலே இருமலை அடக்கிக்கொள்வேன். அவள் வாயில் தாம்பரம் ஒரு நோயின் பெயர் என்று விளங்க இன்னும் சில வருடம் பிடித்தது. காசநோய் என்ற சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. டி.பி. என்றும் சொல்லமாட்டாள். தாம்பரம்தான்.

தமிழ் இலக்கணத்தில் பாட்டிக்கு ஆதரவு உண்டு. ஓர் இடத்தின் பெயர் அந்த இடத்தோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவந்தால் அது இடவாகுபெயர். 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தது ஊரிலுள்ளவர்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு நாம் மறந்துவிடும் பகுதி இது. ஆகுபெயரைத் தொல்காப்பியமும் பேசுகிறது, 13ஆம் நூற்றாண்டின் நன்னூலும் பேசுகிறது. எந்த ஊர், எந்தப் பொருளுக்கு, எப்போது ஆகிவருகிறது என்பதை இலக்கணம் சொல்லாது. அது அந்த ஊரின் வரலாறு சொல்ல வேண்டியது.

ஊர்ப்பெயர் வரும் பழஞ்சொற்களின் பிறப்பைத் தேடுகிறவர்கள் நேரே காஞ்சிக்கோ காசிக்கோ போய் நிற்கிறார்கள். அங்கே சாட்சி கிடைப்பதில்லை, கதைதான் கிடைக்கிறது. பரங்கிமலையிலிருந்து வண்டலூர் வரை ரயில்பாதையை ஒட்டி வந்தால் நிலைமை வேறு. இங்கே புழங்கும் ஊர்ச்சொற்களில் பலவும் போன நூறு வருடத்துக்குள் பிறந்தவை. அவற்றின் பிறந்த தேதி சில சமயம் திறப்பு விழாக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. சில சொற்கள் நம் கண்ணெதிரே செத்துக்கொண்டும் இருக்கின்றன. புதியது பிறந்த விதத்தைப் பார்த்துவிட்டுப் பழையதிடம் போனால் கேட்க வேண்டிய கேள்வியாவது சரியாக அமையும் என்பது என் எண்ணம்.

பாட்டியின் தாம்பரம் பிறந்த வருடம் 1928. அதைப் பெற்றவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. மதராஸில் பிறந்து, இங்கிலாந்தில் தொழில் செய்து, அங்கே மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய்க்கென ஒரு சானடோரியம் நடத்தியவர். 1914 மார்ச்சில் மதராஸிலிருந்து புறப்பட்ட 'நெவாசா' கப்பலில் அவரும் ஒரு பயணி. அதே கப்பலில் கேம்பிரிட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தார் கணித மேதை ராமானுஜன். மூன்று வருடம் கழித்து, 1917இல், உடம்பு கெட்ட ராமானுஜன் மெண்டிப்பில் சௌரிமுத்துவிடமே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அது தனிக்கதை. சௌரிமுத்து ஊர் திரும்பி, தாம்பரத்துக்கு வடக்கே பச்சைமலை அடிவாரத்தில், மெண்டிப்பில் செய்ததையே மறுபடி செய்தார். சில படுக்கைகள், திறந்த தாழ்வாரங்கள், மரங்கள், காற்று. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1940களில்தான். அதுவரை ஓய்வு, வெயில், நல்ல சாப்பாடு, நல்ல காற்று ஆகியவைதான் சிகிச்சை. அதாவது ஊர்தான் மருந்து. நோயாளி வீட்டை விட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் போய்க் கிடக்க வேண்டும். என் கணிப்பில் ஊர்ப்பெயர் நோயின் மேல் ஒட்டியது இதனால்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாளில் திரும்புகிற மாதிரி இருந்திருந்தால் ஒட்டியிருக்காது. ஒருவர் ஆறு மாதமாகக் கண்ணில் படவில்லையென்றால் தெருவில் கேட்கத்தான் செய்வார்கள். கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். நோயின் பெயரைச் சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது, குடியிருக்க வீடு கிடைக்காது. "தாம்பரம் போயிருக்கார்" என்று சொல்லலாம். பொய் கிடையாது, உண்மையும் வெளியே வராது. கேட்டவருக்கும் புரிந்துவிடும், மேற்கொண்டு கேட்கமாட்டார். இடக்கரடக்கலும் இடவாகுபெயரும் கைகோத்த இடம் இது.

இந்தச் சொல்லின் வேரில் வெந்நீர் ஊற்றியதும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ராமானுஜன் 1920இல் கண்ணை மூடியதும் இதே சேத்துப்பட்டில்தான். மருந்துகளை வீட்டிலிருந்தபடியே சாப்பிடும் நோயாளிகளையும், சானடோரியத்தில் தங்கிச் சாப்பிடும் நோயாளிகளையும் அந்த மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தவர்கள், சாப்பாடும் குறைவு. இருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முதல் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். மலையடிவாரக் காற்றுக்காக இனி யாரும் குடும்பத்தைப் பிரிந்து போக வேண்டாம் என்று நிரூபணமாகிவிட்டது. அதற்குப் பல வருடம் கழித்தும் பாட்டி என்னைத் தாம்பரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். காரணம் போன பிறகும் சொல் ஒரு தலைமுறை ஓடும் என்பதை அவளிடம்தான் படித்தேன்.

ஒரு தலைமுறையோடு முடிந்திருக்க வேண்டிய சொல்லுக்கு இரண்டாவது பிறவி வாய்த்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1990களில் மற்ற ஆஸ்பத்திரிகள் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. சானடோரியம் செய்தது பெரிய காரியம். தெருப் பேச்சு அதையே வேறு விதமாகத் திருப்பிக்கொண்டது. "தாம்பரத்துல மருந்து வாங்குறானாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதை என் கல்லூரிக் காலத்தில் கேட்டிருக்கிறேன். சொல் அதே சொல், தாழ்ந்த குரலும் பாட்டி காலத்துக் குரல். நோய் மட்டும் வேறு.

இன்று அந்த ஸ்டேஷனில் இறங்குகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். சானடோரியம் என்றால் அவளுக்கு ஏற்றுமதி வளாகத்தில் வேலை, இல்லையென்றால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். குணமாக்கும் இடம் என்று பொருள்பட்ட லத்தீன் வேர்ச்சொல் ஒரு ஸ்டேஷனின் பெயராக உறைந்துவிட்டது. பக்கத்துக் குரோம்பேட்டையும் இப்படித்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே நடத்திய தோல் தொழிற்சாலை 'குரோம் லெதர் கம்பெனி'. குரோமிய உப்பால் தோல் பதனிடும் புது முறையின் பெயர் பேட்டைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஊர்ப்பெயர் பொதுச்சொல்லாகிற பாதையில் பொதுச்சொல் ஊர்ப்பெயராகி எதிரே வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே மின்ரயிலில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தாம்பரம் இன்னொரு உலகத்தில் முற்றிலும் வேறொன்றைக் குறிக்கிறது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் அந்தப் புது வளாகத்தில் உலக மிஷனரிச் சபைகளின் பெரும் மாநாடு கூடியது. மற்ற மதங்களைக் கிறித்துவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலை முன்வைத்து அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. அன்றிலிருந்து ஐரோப்பிய இறையியல் நூல்களில் 'தாம்பரம்' என்றால் அந்த வாக்குவாதம். ரயில்பாதைக்கு ஒரு பக்கம் உலகம் முழுவதுமிருந்து வந்தவர்கள் மதங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளி மலையடிவாரத்தில் நோயாளிகள் இருமிக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். ஒரே ஊர்ப்பெயர், பத்து வருட இடைவெளியில், இரண்டு கூட்டத்தாரின் வாயில் இரண்டு சொல்லாகிவிட்டது.

நோயை ஊரின் தலையில் கட்டுவது பழைய வழக்கம்தான். தாம்பரத்துக்கு வடக்கே சில ஸ்டேஷன் தள்ளிப் பரங்கிமலை. 'ஃபரங்கி' என்று அரபு, பாரசீக வழியாக வந்த சொல் 'பரங்கி' ஆகிப் போர்ச்சுக்கீசியரைக் குறித்தது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் அந்தக் குன்றின் மேல் தேவாலயம் கட்டினார்கள். அதே 'பரங்கி' நம் சமையலறையில் பரங்கிக்காயாகவும், வைத்தியர் வாயில் பரங்கிப்புண்ணாகவும் நுழைந்தது. வடக்கே ஆயுர்வேதம் அந்த நோயைப் பிரங்க ரோகம் என்றது. ஐரோப்பாவில் இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்று திருப்பிக் கொடுத்தார்கள். நாமோ கண் சிவந்தால் கூச்சமில்லாமல் 'மெட்ராஸ் ஐ' என்று சொந்த ஊரின் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறோம். பரங்கிமலை என்றதும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் சிலர் அர்த்தத்தோடு சிரிப்பார்கள். அங்கிருந்த ஒரு சினிமா தியேட்டரில் ஓடிய படங்களின் நினைவு அது. புனித தோமையாரின் பெயரோடு சேர்ந்த மலைக்கு இப்படியும் ஒரு ஆகுபெயர்.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது கீழ்ப்பாக்கம். வாலண்டைன் கானொலி என்ற அறுவை மருத்துவர் 1794இல் மதராஸில் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் அரசு மனநோய் மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல 'கீழ்ப்பாக்கம்' என்றால் போதும் என்ற நிலைமையை ஏற்படுத்தியதில் தமிழ் சினிமா நகைச்சுவைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பகுதியில் வீடு வாங்கிய எல்லோருக்கும் அந்தச் சிரிப்பைத் தாங்கும் பழக்கம் வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்த மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயர் மேடவாக்கம் குளச் சாலை. வேளச்சேரிக்குத் தெற்கே இருக்கும் மேடவாக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாலையின் பெயர் ஒட்டியிருந்தால் தென்புறநகர் மேடவாக்கத்துக்காரர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

லண்டனிலும் இதே கதை. 1247இல் நிறுவப்பட்ட பெத்லெம் மடத்து மருத்துவமனை பிறகு மனநோயாளிகளின் இடமாகி, மக்கள் வாயில் 'பெட்லம்' ஆகி, இன்று ஆங்கிலத்தில் வெறும் கூச்சல் குழப்பத்துக்குப் பெயர். பெத்லகேம் என்ற புனித ஊரின் பெயர்தான் அது என்பதே பேசுகிறவருக்கு நினைவில் இல்லை. நம்மூரில் 'ஏர்வாடி' அந்த வழியில் போகவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்த பிறகு, அந்த ஊர்ப்பெயரைச் சிரிப்புக்குப் பயன்படுத்த நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. கீழ்ப்பாக்கத்துக்கு அந்தத் தயக்கம் இன்னும் வரவில்லை. வரவேண்டும்.

இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு பழைய பழமொழி ஒன்றிடம் போகலாம். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது: காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம். இதற்கு இரண்டு விளக்கம் ஓடுகிறது. கோயில் நகரம், அன்னதானத்துக்குக் குறைவில்லை, உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்பது ஒன்று. காஞ்சிபுரம் நெசவாளர் ஊர், குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதியை மாற்றி மாற்றி மிதித்துப் பிழைக்கலாம் என்பது மற்றொன்று. படித்தவர்கள் இரண்டாவதை விரும்புகிறார்கள். சோம்பேறிப் பழமொழியை உழைப்புப் பழமொழியாக மாற்றிவிடுகிறதே என்ற திருப்தி. கைப்பேசியில் சுற்றிவரும் 'உண்மையான அர்த்தம்' வகைச் செய்திகளில் இது தவறாமல் வரும்.

பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிச் சென்னையில் முடித்த தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் பழமொழிகள். 1894இல் ஜான் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கும் மேல் சேர்த்தார். 1897இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் பொருள் வாரியாகப் பிரித்துத் தொகுத்தார். பிறகு கி.வா. ஜகந்நாதன் நான்கு பெரிய தொகுதிகள் கொடுத்தார். இவர்கள் எல்லோரும் பழமொழியை வாயிலிருந்து பிடித்து ஏட்டில் வைத்தவர்கள். முதலில் யார் சொன்னார், ஏன் சொன்னார் என்பது அவர்கள் வேலை அன்று. ஆகவே குழித்தறியா கோயில் சாப்பாடா என்ற வழக்கில் எழுத்துச் சாட்சியை எதிர்பார்ப்பது வீண்.

பாட்டியின் தாம்பரம் இங்கே ஒரு சாட்சி சொல்கிறது. அந்தச் சொல் உயிரோடு இருந்ததே அதில் இரண்டு அர்த்தம் ஒரே சமயத்தில் நின்றதால்தான். வெறும் ஊர் மாதிரி தெரிந்து நோயைச் சொல்ல வேண்டும். காலாட்டலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தமிழில் 'காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்' என்றால் சும்மா இருக்கிறான் என்று பொருள். தறியில் கால் ஆட்டுகிறவனும் பார்ப்பதற்கு உட்கார்ந்தே இருக்கிறான். வெளியூர்க்காரன் கண்ணுக்குச் சும்மா உட்கார்ந்து பிழைக்கிற மாதிரி தெரிகிறது, நாள் முழுதும் குழியில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு இடுப்பு வலி தெரியும். இரண்டு அர்த்தத்தையும் உரசவிட்டுத்தான் இந்த வாக்கியம் சிரிக்கிறது. ஒன்றைப் பிடுங்கிவிட்டால் பழமொழி தட்டையாகிவிடும்.

பிறப்பு தேடுகிறவர்கள் வழக்கமாக மறப்பது காதை. காஞ்சிக்குக் காலாட்டல், காசிக்குக் கர்மம், ஆரூருக்கு ஆடி அசைதல். வாய் இருந்தால் வங்காளம் போகலாம். வங்காளத்துக்குப் போன தமிழர் எத்தனை பேர் என்று புள்ளிவிவரம் தேடத் தேவையில்லை, 'வா'வுக்கு மோனை வேண்டியிருந்தது, தொலைவும் வேண்டியிருந்தது, வங்காளம் இரண்டுக்கும் பொருந்தியது. ஓசை ஊரைத் தேடுகிறது. ஆனால் ஓசை மட்டும் போதாது. 'கா'வில் தொடங்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் குவிந்து கிடக்க, காஞ்சி நின்றதற்கு அங்கே தறி இருந்ததே காரணம். திருநெல்வேலிக்கே அல்வாவா என்கிறோம். ஆங்கிலேயர் நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோவது என்கிறார்கள். பழைய கிரேக்கர்கள் ஏதென்சுக்கு ஆந்தை என்றார்கள், அந்த நகரத்து நாணயத்திலேயே ஆந்தை இருந்தது. ஊரில் ஒரு பொருள் நிற்க வேண்டும், அப்புறம்தான் ஓசை.

காலாட்டிப் பிழைத்த ஊர் இன்றைய தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே ஒன்று உண்டு. பல்லாவரத்துக்கு மேற்கே அனகாபுத்தூர். அங்கே நெய்த கட்டம் போட்ட துணி 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்ற பெயரில் நைஜீரியாவுக்குப் போனது. பெயர்தான் கைக்குட்டை, அங்கே அதை உடுத்துவார்கள். நைஜீரியாவின் இறக்குமதித் தடையால் அந்தச் சந்தை கைவிட்டுப் போனது, பிற்பாடு வாழைநார் கலந்து சேலை நெய்து பெயர் வாங்கினார்கள். நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் இந்தத் துணியை 'இன்ஜிரி' என்கிறார்கள். 'ரியல் இந்தியா' என்பதன் திரிபு அது என்பது ஆய்வாளர் கருத்து. நம் ஊர்ப்பெயர் கடல் தாண்டிப் போய் இன்னொரு மொழியில் சடங்குத் துணியின் பெயராக உட்கார்ந்திருக்கிறது. அங்கே எந்தப் பாட்டி அதற்கு என்ன கதை சொல்கிறாளோ.

பழஞ்சொல் வீடு மாறுவதும் உண்டு. அதற்கு 1985 நல்ல உதாரணம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அப்போது மூர் மார்க்கெட், அதையொட்டி உயிரியல் பூங்கா. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குச் சாலைதான் பிறகு அங்கே இடம் மாறியது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைக்காரர்கள் அழைத்தார்கள். காலேஜ் என்ற சொல்லுக்கு இவ்வளவு நியாயம் செய்தவர்கள் வேறு யாருமில்லை. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. உயிர் காலேஜ் என்ற சொல்லுக்குத் தரை போய்விட்டது. சேட்டை செய்யும் பிள்ளையை "வண்டலூர்ல விட்டுட்டு வரேன்" என்று மிரட்டும் வழக்கம் தெற்கே முளைத்தது. அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று மூர் மார்க்கெட்டைப் பற்றிச் சொன்னது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பழைய ஃபேன், கால் உடைந்த நாற்காலி, பூனைக்குட்டி, ரோஜாச் செடி எல்லாம் ஒரே தெருவில். சொல்லப்பட்ட வாக்கியம் அப்படியே இருக்க, சுட்டிய ஊர் மட்டும் இருபது கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டது.

கிண்டிக்கு முடிவு வேறு மாதிரி. குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ஓடியது. சம்பளத்தைத் தொலைத்தவனைப் பற்றி "கிண்டியில விட்டுட்டான்" என்றால் விளக்கம் தேவைப்படாது. 1974இல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தடுத்தது, 1996இல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டம் அன்று, திறமை விளையாட்டு என்றது. 2024இல் குத்தகையை ரத்துசெய்து அரசு மைதானத்துக்குச் சீல் வைத்தது. இன்னும் இருபது வருடத்தில் "கிண்டியில விட்டான்" என்பதற்கு யாராவது 'உண்மையான அர்த்தம்' கண்டுபிடிப்பார்கள். அல்வா கிண்டுவதோடு முடிச்சுப் போட்டாலும் போடுவார்கள்.

கடைசியாக, எங்கள் ஊரின் சொந்தச் சொல்: தாம்பரம் தாண்டுவது. தெற்கே போகிறவரிடம் போனில் கேட்கும் முதல் கேள்வி "தாம்பரம் தாண்டியாச்சா?" தாண்டவில்லையென்றால் இன்னும் பயணமே தொடங்கவில்லை என்று பொருள், மூன்று மணி நேரமாக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் சரி. மனைத் தரகருக்குத் தாம்பரம் தாண்டினால் கிரவுண்டு சல்லிசு. அரசியல் பேசுகிறவர் ஒரு தலைவரை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "தாம்பரம் தாண்டினா அவருக்கு ஆள் ஏது?" வேங்கடமும் குமரியும் தமிழுக்கு எல்லையாக இருந்தது போல, சென்னை என்ற மனநிலைக்குத் தாம்பரம் எல்லை.

இந்த எல்லையை வரைந்தது மலையோ ஆறோ கிடையாது, மின்கம்பி. 1931இல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்வண்டி ஓடத் தொடங்கியது. அது திரும்பிப்போகும் இடம் தாம்பரம். அங்கேவரை சீசன் டிக்கெட் உலகம், அதற்கப்பால் வயல், ஏரி, கரி வண்டி. பிறகு மின்வண்டி செங்கல்பட்டு வரைக்கும் நீண்டது, 2004இல் மீட்டர் கேஜே மறைந்தது. ஆனாலும் கோடு அழியவில்லை.

பாட்டிக்கு இன்னொரு கோடும் உண்டு. பாரிமுனைக்குப் போவதைப் "பட்டணம் போறேன்" என்பாள். குரோம்பேட்டை அவள் கணக்கில் பட்டணமாகவில்லை. கெட்டும் பட்டணம் சேர் என்ற பழமொழியில் வருவது எந்தப் பட்டணம் என்று அறிஞர்கள் பூம்புகாரையும் நாகப்பட்டினத்தையும் சென்னப்பட்டணத்தையும் முன்வைக்கலாம். எனக்கு அதில் அக்கறை குறைவு. பட்டணம் என்பது ஊர்ப்பெயர் வேடம் போட்ட பொதுச்சொல், அதற்குக் கால் உண்டு, செல்வம் எங்கே போகிறதோ அங்கே நடந்துபோகும். காஞ்சிபுரத்துக்கும் தாம்பரத்துக்கும் கால் கிடையாது. அவற்றோடு கட்டிய சொல் ஆலை மூடினாலும், ஆஸ்பத்திரி மாறினாலும் அதே இடத்தில் நின்றாக வேண்டும்.

2021 நவம்பரில் தாம்பரமே மாநகராட்சியாகிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று வெளியூர்ப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தது. அது வண்டலூருக்கும் தெற்கே இருக்கிறது. அதாவது தெற்கே போகும் பஸ் புறப்படும்போதே தாம்பரம் பின்னால் போய்விட்டது. போன பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வண்டி இன்னும் முனையத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை, முன்னால் நூறு வண்டி நின்றது. பக்கத்துச் சீட்டுப் பையன் போனை எடுத்தான், அந்தப் பக்கம் அம்மா குரல். "இல்லம்மா, பயங்கர டிராஃபிக்," என்றான். "இன்னும் தாம்பரமே தாண்டலை."